பெல்ட் நின்ற இருபத்தேழு நிமிடம்

"சம்பளம் இல்லாம வேலை பாக்குறீங்க, ரொம்ப நன்றிம்மா" என்று பயணிகள் எங்களிடம் சொல்ல ஆரம்பித்தது அரசாங்க முடக்கத்தின் இரண்டாவது வாரத்தில். ஐந்தாவது வாரத்தில் அதைக் கேட்டாலே எனக்குப் பல் கூசியது. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "அதென்ன ஒரே ஒரு வரிசைதான் ஓடுது?" என்று கேட்டார்கள்.

ஆள் இல்லை, அதனால்தான். வாஷிங்டனில் பட்ஜெட் நிறைவேறாமல் அரசாங்கம் மூடிக் கிடந்தது. எங்கள் சம்பளம் நின்றுவிட்டது, வேலை நிற்கவில்லை. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறவர்கள் அத்தியாவசியமானவர்களாம், வீட்டில் இருக்கக் கூடாதாம். வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். ஆகவே ஆட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போட வழியில்லாமல் வருகிற காய்ச்சல் அது. மொன்டானாவில் எங்களுடையது சின்ன நிலையம், மொத்தமே இரண்டு சோதனை வரிசை. முப்பத்தாறாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், ஐந்து பேருக்குக் காய்ச்சல். ஒரு வரிசையை மூடிவிட்டோம்.

மிஞ்சியவர்கள் நான்கு பேர். வாசலில் அடையாள அட்டை பார்க்க ஒரு பெரியவர். பைகளைத் திறந்து பார்க்க டார்லா. எல்லாரையும் மேய்க்க மேற்பார்வையாளர் ஆஸ்ட்பி. எக்ஸ்ரே திரைக்கு முன்னால் நான்.

எங்கள் சட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். என்னுடையதில் 'டைட்டானோ' என்று இருக்கிறது. ஆகவே இந்த ஊரில் எல்லாருக்கும் நான் டைட்டானோதான், என் சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்கத் தீவான குவாமிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். இங்கே குளிரைத் தவிர வேறு யாரோடும் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. இந்த வேலைக்காகத்தான் வந்தேன். இதற்காக மூன்று வருடம் காத்திருந்தேன். முதல் இரண்டு வருடம் சோதனைக் காலம். அதற்குள் ஒரு தப்பு செய்தால் போதும், காரணம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பலாம். மேல்முறையீடு எல்லாம் கிடையாது. எனக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தது.

எங்கள் மிஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கண்ணயர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, மிஷினே அவ்வப்போது யாரோ ஒருவர் பைக்குள் பொய்யாக ஒரு துப்பாக்கியையோ கத்தியையோ வரைந்து காட்டும். பார்த்தவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால், "நல்லது. இது பயிற்சிப் படம்" என்று திரையில் எழுத்து வரும், துப்பாக்கி மறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் நம் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறும். வாஷிங்டன் மூடிக் கிடந்தாலும் இந்த மிஷின் மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முப்பத்தாறு நாளாக என்னைப் பார்த்து 'நல்லது' என்று சொன்ன ஒரே அரசாங்க அதிகாரி அதுதான்.

அரை மணிக்கு ஒரு முறை திரைக்கு முன்னால் ஆள் மாற வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும். அன்றைக்கு ஏழரைக்கு உட்கார்ந்தவள் ஒன்பதேகாலுக்கும் எழுந்திருக்கவில்லை. மாற்ற ஆள் யார்?

அதற்குள் மூன்று பொய்த் துப்பாக்கிகள் வந்துவிட்டன. மூன்றையும் பிடித்துவிட்டேன். நாலாவது ஒரு பழுப்புத் தோல் பையின் பக்கப் பையில் வந்தது. இரும்பு எங்கள் திரையில் நீலமாகத் தெரியும், துணி ஆரஞ்சாக. சட்டைக்குள் சுருட்டாமல், எதனடியிலும் ஒளிக்காமல், பாடப் புத்தகத்தில் போட்ட மாதிரி நீலமாகப் படுத்திருந்தது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் பொய்தான். 'வந்துட்டாண்டா நாலாவது' என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். அழுத்திய அதே வேகத்தில் இன்னொரு விரல் பெல்ட்டையும் ஓட்டிவிட்டது.

அதுதான் நான் செய்த தப்பு. அழுத்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், திரை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் பெல்ட். இந்த வேலையில் இருக்கிறவர்களால் மட்டுமே இப்படித் தப்பு செய்ய முடியும். வெளியாள் எவனும் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, போ என்று தள்ளிவிட மாட்டான்.

திரையில் 'நல்லது' வரவில்லை. "பயிற்சிப் படம் அல்ல. பையைச் சோதிக்கவும்" என்று வந்தது.

பெல்ட்டை நிறுத்தினேன். அதற்குள் பையின் மூக்கு ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது.

"ஆஸ்ட்பி, கொஞ்சம் வாங்க" என்றேன். துப்பாக்கி என்று நாங்கள் கத்துவதில்லை. எண்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் அவ்வளவுதான்.

ஆஸ்ட்பி வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். அவர் மனைவிக்கு வனத்துறை அலுவலகத்தில் வேலை. அவளை அத்தியாவசியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றிருந்தது. பத்து நாளாகச் சவரம் செய்யவில்லை.

"பயிற்சிப் படந்தானே?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நீங்களே பாருங்க. மொளகு அரைக்கிற மிஷின் மாதிரியா இருக்கு?"

"யாரு பை?"

நான் கண்ணால் காட்டினேன். இரும்பைக் கண்டுபிடிக்கும் வாசலைத் தாண்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி, டார்லாவிடம் அவள் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டு நின்றார் வெர்ன் ஹாலிங்.

ஆஸ்ட்பி ஒரு கெட்ட வார்த்தையை மென்று விழுங்கினார்.

வெர்னுக்கு ஊருக்கு வெளியே பெரிய மாட்டுப் பண்ணை. முடக்கத்தின் பத்தாவது நாளிலிருந்து, திங்களும் வியாழனும், மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு ஒரு அண்டா நிறைய எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு தட்டு நிறைய லவங்கப்பட்டை வாசமடிக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள். இந்த ஊரில் அந்தக் காரத்துக்கு அந்த இனிப்பைத்தான் தொட்டுக்கொள்வார்கள். முதல் நாள் இது என்ன கூத்து என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் நானும் தொட்டுக்கொண்டேன். பயணிகள் கையிலிருந்து நாங்கள் எதுவும் வாங்கக் கூடாது. அதனால் வெர்ன் நிலைய அலுவலகத்தில் கொடுப்பார், அவர்கள் எங்கள் ஓய்வறையில் கொண்டுவந்து வைப்பார்கள். டார்லா மிச்சத்தை டப்பாவில் அடைத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவாள். ஆஸ்ட்பியும் எடுத்துப் போவார், யாரும் பார்க்காத நேரமாக.

இன்னொன்றும் உண்டு. கோடையில் திருவிழா மைதானத்தில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொடுப்பவர் வெர்ன்தான். அந்த வகுப்பில் தேறாமல் இங்கே எந்தப் பிள்ளையும் வேட்டைக்குப் போக முடியாது. ஆஸ்ட்பியின் இரண்டு பையன்களும் டார்லாவின் மகளும் அவரிடம் படித்தவர்கள்.

ஆஸ்ட்பி குரலைத் தாழ்த்தினார். "டைட்டானோ, நான் சொல்றதைக் கேளு. இது பயிற்சிப் படம்னே இருக்கட்டும். திரையில இருக்கிற படத்தைத் துடைச்சிரு. நான் வெர்ன் காதுல சொல்றேன். எதையோ மறந்துட்ட மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு வண்டி வரைக்கும் போயிட்டு வரட்டும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"போலீஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா கேமராவை ஓட்டிப் பாப்பாங்க. துப்பாக்கியோட இருக்கிற பையை நீ வெளிய தள்ளினது அதுல இருக்கும். உனக்கு ரெண்டு வருஷம் முடியல. வெர்ன் அபராதம் கட்டிட்டுப் போயிருவாரு. வேலை போறது உனக்குத்தான்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கும் அது முன்பே தெரிந்துவிட்டது. துடைத்துவிட்டால் நானும் பிழைப்பேன், வெர்னும் பிழைப்பார், வியாழக்கிழமை குழம்பும் வரும். ஒரே ஒரு பொத்தான்.

அந்த நேரம் பார்த்து வெர்ன் திரும்பினார். "என்னம்மா டைட்டானோ, என் பை வர மாட்டேங்குதா? கெழட்டுப் பை, கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும்" என்று சிரித்தபடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

நான் பெல்ட்டைப் பின்பக்கமாக ஓட்டினேன். பை அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு திரும்ப மிஷினுக்குள் போனது. ரப்பர் திரை மூடிக்கொண்டது.

"கையை எடுங்க வெர்ன். அந்தக் கோட்டுக்குப் பின்னால தள்ளி நில்லுங்க."

அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. டார்லா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தாள். "ஏய், என்னடி பண்ற? வெர்ன்டி அது!"

"பேரைக் கேக்கல. வந்து பாரு."

பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் காதோடு சீறினாள். "நேத்து என் பிள்ளைங்க தின்னது அவரு குழம்பு."

"தெரியும். நானுந்தான் தின்னேன்."

"தின்னுட்டு இப்படிச் செய்வியா?"

"தின்னுட்டுத்தான் செய்யுறேன். வயிறு நெறைஞ்சிருக்கு, கண்ணு நல்லாத் தெரியுது."

வெர்னுக்கு இதற்குள் புரிந்துவிட்டது. பை தோளில் தொங்குவதைப் போல, பக்கப் பை வரும் இடத்தில் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். முகம் சிவந்தது. கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார்.

"ஐயோ சாமி. அது லாரில கெடக்கிற சின்னதும்மா. போன வாரம் கன்னுக்குட்டிங்ககிட்ட ஓநாய் வந்துச்சு. லாரியைக் கழுவ விட்டப்ப எடுத்துப் பையில போட்டிருக்கேன். மறந்தே போச்சு. டென்வர்ல காளை ஏலம், அதுக்கு ஓடிக்கிட்டிருக்கேன். நான் என்ன பிளேனைக் கடத்தவா போறேன்?"

"போக மாட்டீங்க. தெரியும்."

"அப்புறம் என்ன? வெளிய கொண்டுபோய் லாரில வச்சுட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிஷம்."

நான் கோட்டைக் கையால் காட்டினேன். ஆஸ்ட்பி வெர்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது வெர்னுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"நாளைக்குப் பேப்பர்ல வரும். பிள்ளைங்களுக்குத் துப்பாக்கி பாடம் நடத்துற கெழவன், துப்பாக்கியோட ஏர்போர்ட்டுல புடிபட்டான்னு வரும். நான் வெளிய தலை காட்ட முடியுமா? இங்க பாரு பொண்ணு, நாலு வாரமா உங்களுக்குச் சோறு போட்டது யாரு? வாஷிங்டன்காரனா?"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

"வெர்ன்" என்றேன், "அந்தக் கொழம்புக்கு இப்படி ஒரு விலை இருக்குன்னு முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா நான் கரண்டியையே தொட்டிருக்க மாட்டேன்."

"விலைன்னு யாரு சொன்னா..." என்று ஆரம்பித்தவர் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

வரிசையில் சலசலப்பு தொடங்கியது. பனிச்சறுக்குப் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஒருவன் கத்தினான். "என்னதான் நடக்குது அங்க? உங்களுக்குச் சம்பளம் வரலன்னா அதை எங்க மேலயா காட்டுவீங்க?" இருபது நிமிடத்துக்கு முன்னால் எனக்கு நன்றி சொன்ன அதே ஆள்.

"சம்பளம் வந்தாலும் இதேதான் சார். நில்லுங்க" என்றேன்.

ஆஸ்ட்பி என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "உனக்கு என்னதான் வேணும்? சம்பளங்கூடக் குடுக்காதவனுங்களுக்காக எதுக்கு இந்தப் பிடிவாதம்? நாளைக்கு உன்னைத் தூக்கினா உனக்காகப் பேச யாரு இருக்கா இந்த ஊர்ல?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

எனக்கு அப்போதுதான் அது சொல்லாக வந்தது.

"முப்பத்தாறு நாளா இந்த வேலையை என்கிட்டேருந்து யாரும் காசு குடுத்து வாங்கல ஆஸ்ட்பி. வாங்காத வரைக்கும் இது என்னோடது. வாஷிங்டனோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல, வெர்னோடதும் இல்ல. என்னோட பொருளை நான் எப்படி வேணும்னாலும் செய்யலாம். நான் இதை ஒழுங்காச் செய்யப்போறேன்."

மேசைக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு பொத்தான் இருக்கிறது. சத்தம் வராது. வெளியே போலீஸ்காரரின் இடுப்பில் மட்டும் அதிரும். ஒன்றரை வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. அழுத்தினேன். பிறகு இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்ட்பி நாற்காலியை விட்டார். பிறகு நிமிர்ந்து, வரிசையைப் பார்த்துக் கை தட்டினார். "எல்லாரும் கேளுங்க. சோதனை நிக்குது. யாரும் நகர வேணாம். டென்வர் பிளேன்ல சொல்லிருவோம்." அவர் குரல் பழையபடி மேற்பார்வையாளர் குரலாகியிருந்தது. எனக்கு ஆச்சரியம்.

போலீஸ்காரர் வண்டி நிறுத்தும் இடத்தின் மறுகோடியில், பனியில் சிக்கிய ஒரு காரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாராம். வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் வெர்ன் கோட்டைத் தாண்டவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. எங்களுக்கு நடுவில் டார்லா, யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், பயணிகள் பொருள் வைக்கும் காலித் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

போலீஸ்காரர் எல்மர் வந்தார். அவரும் வெர்னைத் தெரிந்தவர்தான், யார்தான் தெரியாதவர்? "வெர்ன்" என்று தலையை ஆட்டிவிட்டு, வேறொன்றும் பேசாமல், மிஷினுக்குள் கையை விட்டுப் பையை எடுத்தார். சுவர் பக்கமாகத் திரும்பித் துப்பாக்கியை வெளியே எடுத்து, குண்டு வைக்கும் கூட்டைக் கழற்றினார். அப்புறம் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார்.

குழாயிலிருந்து ஒரு குண்டு துள்ளி விழுந்து, தரையில் உருண்டு, வெர்னின் பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

வெர்ன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"காலின்னுதான் நெனச்சேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "காலியாத்தான் வச்சிருந்தேன்."

டார்லாவின் மகள் அவரிடம் படித்த முதல் நாள் பாடம் இது. எந்தத் துப்பாக்கியும் காலி கிடையாது. டார்லா அதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதாக ஒரு முறை சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் தட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

எழுதுவது, படம் எடுப்பது எல்லாம் முடிந்து பெல்ட் மறுபடி ஓடியபோது மொத்தம் இருபத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. டென்வர் விமானம் காத்திருந்தது. பனிச்சறுக்குப் பூட்ஸ்காரன் என்னைப் பார்க்காமல் போனான். வெர்ன் போகவில்லை, எல்மரோடு வெளியே நடந்தார். காளை ஏலம் அவர் இல்லாமலே நடந்தது.

மதியம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஆஸ்ட்பி கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"துப்பாக்கியைப் புடிச்சது நீ. அதை எழுது. பெல்ட் ஓடினதை எழுதாத. வெளிய யாரும் பாக்கல. கேமராவைப் போட்டுப் பாக்கணும்னு கேக்க மேல ஆபீஸ்ல ஆளே கெடையாது."

அன்பாகத்தான் சொன்னார். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். எழுதாமல் விட்டால் வேலை என்னுடையதாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் ஆஸ்ட்பி எப்போது என்னைப் பார்த்தாலும், எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் எதையும் கேட்காமலே நான் தலையாட்ட வேண்டியிருக்கும். காலையில் ஓர் அண்டாக் குழம்பைக் காட்டி வெர்ன் என்னைக் கட்டப் பார்த்தது போலத்தான் அதுவும்.

எழுதினேன். 'பொத்தானை அழுத்தியபின் திரையின் பதிலுக்குக் காத்திராமல் பெல்ட்டை ஓட்டினேன். பை ஒரு சாண் வெளியே வந்தது. தவறு என்னுடையது.' அதற்குக் கீழே இன்னொரு வரி. 'அப்போது நான் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடமாகத் திரைக்கு முன் இருந்தேன். மாற்ற ஆள் இல்லை.'

ஆஸ்ட்பி படித்தார். "இந்தக் கடைசி வரி என் கழுத்துக்குல்ல வரும்."

"உங்க கழுத்துன்னு எழுதல. ஆள் இல்லன்னு எழுதியிருக்கேன். இருக்காங்களா?"

அவர் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தேவையே இல்லாமல், தன் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்ட்பி என்னை ஓய்வறைக்குக் கூப்பிட்டார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"மேலேருந்து போன் வந்துச்சு. சோதனைக் காலத்துல இருக்கிறவங்க இந்த மாதிரி தப்பு செஞ்சா நீக்கணுமாம். விதி அப்படித்தானாம்."

"சரி. இன்னிக்கேவா?"

"அங்கதான் சிக்கல். நீக்குற உத்தரவுல கையெழுத்துப் போடுறவங்க அத்தியாவசியமில்லாதவங்களாம். அவங்களை வீட்டுக்கு அனுப்பி முப்பத்தெட்டு நாளாச்சு. அரசாங்கம் திறந்து, அவங்க வந்து, உன் காகிதத்தைப் பாத்து முடிவு பண்ற வரைக்கும்..." அவர் நிறுத்தினார். உதட்டோரம் துடித்தது.

"வரைக்கும்?"

"நீ அத்தியாவசியமானவ. தினமும் வேலைக்கு வரணும். வரலன்னா நடவடிக்கை எடுப்பாங்களாம்."

நான்தான் முதலில் சிரித்தேன். அவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சவரம் செய்யாத கன்னத்தில் கண்ணீர் வர மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என்னை வேலையை விட்டு அனுப்பக்கூட இந்த அரசாங்கத்தில் ஆள் இல்லை.

"அவங்க வரட்டும்" என்றேன். "வந்ததும் நான் பேசிக்கிறேன். ஒரு மணி நாப்பத்தஞ்சு நிமிஷத்தைப் பத்திதான் முதல்ல பேசுவேன்."

"நானும் வரேன்" என்றார் ஆஸ்ட்பி. "பேசுறதுக்கு."

அன்றைக்கு அண்டா வரவில்லை. மதியம் ஓய்வறையில் எல்லாரும் அது இருக்கும் காலி இடத்தைப் பார்த்தோம். செவ்வாயிலிருந்து என்னோடு பேசாத டார்லா ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் போட்டாள். "சாப்பிடுங்க. இன்னிக்கு டைட்டானோ சமையல்."

நான் என் டப்பாவைத் திறந்தேன். சோறும், தகர டின்னில் வரும் பன்றி இறைச்சியைச் சீவி வறுத்ததும். எங்கள் தீவில் காலை, மதியம், ராத்திரி, எந்த நேரமும் அதுதான். டப்பாவை நடுவில் தள்ளினேன்.

"இதுதான் டைட்டானோ சமையல். தின்னு."

டார்லா ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். வாயில் போட்டாள். "ஒரே உப்புடி."

"ஆமா."

இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அண்டா வந்தது. சீட்டு ஏதும் இல்லை, சேதி ஏதும் இல்லை. இனிப்பு ரொட்டியும் இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கரண்டியை எடுத்து முதல் கிண்ணத்தை எனக்கே ஊற்றிக்கொண்டேன். இப்போது அதற்கு விலை கிடையாது. அது எனக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும்.

மறுநாள், முடக்கத்தின் நாற்பத்து மூன்றாம் நாள், வெர்ன் வந்தார். வேறொரு காளை ஏலமாம். அதே பழுப்புப் பை. வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார். முன்னால் இருந்தவர்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பேப்பரில் படத்தோடு வந்திருந்தது.

பெல்ட் பக்கம் வந்ததும் வெர்ன் பையை அதில் வைக்கவில்லை. மேசை மேல் வைத்துப் பூட்டைத் திறந்தார். எல்லாரும் பார்க்கும்படியாகப் பக்கப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். சட்டை, சவர மிஷின், மூக்குக் கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

"பாத்துக்கோ டைட்டானோ. எல்லாரும் பாத்துக்குங்க. ஒண்ணும் கெடையாது. காலையில மூணு வாட்டி நானே பாத்துட்டேன்."

கேலியா, மன்னிப்பா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

"பையை மூடுங்க வெர்ன்" என்றேன். "அதைப் பாக்குறது என் வேலை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு மூடி, பெல்ட்டில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார்.

பை உள்ளே வந்தது. சட்டை ஆரஞ்சு நிறம், சவர மிஷின் நீலம், கண்ணாடிக் கூடு நீலம். பக்கப் பையில் நீலமாக, சுத்தமாக, ஒரு துப்பாக்கி.

பெல்ட்டை நிறுத்தினேன்.

டார்லா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஆஸ்ட்பி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். வெர்னின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் கை தானாகப் போய் இடுப்பைத் தடவியது. அவர் பக்கப் பையை இழுத்துக் காட்டியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தால் என்ன? நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திவிட்டு இரண்டு கைகளையும் மேசையிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

காத்திருந்தேன்.

"நல்லது. இது பயிற்சிப் படம்."

துப்பாக்கி மறைந்தது. பெல்ட்டை ஓட்டினேன். பை அந்தப் பக்கம் போனது. வெர்ன் அதை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. பயணிகளிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது விதி.

"போகலாம் வெர்ன்" என்றேன். "அடுத்தவங்க வாங்க. லேப்டாப் இருந்தா வெளிய எடுங்க."